விளக்கு அணையட்டு

ஹனீபா மாமா சொன்னது ஒரே வாக்கியம்தான். "விளக்கு அணையட்டு, பெண்ணை அனுப்புகேன்."

மருமகன் உபைத் வந்த வழியே திரும்பினான். பொதுவாகவே அவன் பேச்சு குறைந்தவன். திருவிதாங்கோட்டில் ஓர் இரும்புக் கடையில் வேலை. ஆணி வாங்க வருகிறவர்கள் அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள், பிறகு ஆணியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

குளச்சலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அவனும் மனைவி சஜ்னாவும் திரும்பி வரும்போது, முன்னால் போன மீன் வண்டி சட்டென்று நின்றது. உபைத்தின் கார் நிற்கவில்லை. இருவருக்கும் கீறல்கூட இல்லை. காரின் முகம் மட்டும் உள்ளே போயிருந்தது. மாமா ஆட்டோவில் வந்து, வண்டி சரியாகும்வரை இருக்கட்டும் என்று மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணவாளக்குறிச்சியில் ராஜையனின் டிங்கரிங் பட்டறையில் எஞ்சினை இறக்கி, முன்பக்கத்தை இழுத்து நிமிர்த்தி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் அடிபட்ட வண்டி என்று சொல்ல முடியாது. உபைத் நேராகக் குளச்சலுக்கு ஓட்டிப் போனான். சஜ்னா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். மாமா பாதி ஆயுளைச் சவூதியில் ஸ்டியரிங் பிடித்துக் கழித்தவர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் கையிலிருந்த பையை வாங்கி வீட்டுக்குள் கொண்டு வைத்துவிட்டு வந்தார். அப்புறம்தான் அந்த வாக்கியம்.

தக்கலையில் பிரபின் ஸ்கேனர் வைத்திருந்தான். உபைத்தோடு பள்ளியில் படித்தவன்.

"கிராங்க் சென்சார்னு காட்டுது மக்கா. எஞ்சின் எப்பிடி சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுகது. சென்சாருக்கு ஒண்ணும் இருக்காது. அடிபட்ட வண்டியில வயருதான் போவும்."

வயரை முழுக்கப் பிரித்துப் பார்த்தான். வயருக்கும் ஒன்றும் இல்லை. பிழையை அழித்து அனுப்பினான். இரணியல் தாண்டுவதற்குள் விளக்கு வந்தது. சாக்கெட்டை மாற்றினான். அந்தத் தடவை குளச்சல்வரைக்கும் வரவில்லை. மாமாவின் வாசலில் வண்டியைத் திருப்பும்போது வந்தது. சஜ்னா விளக்கைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள்.

"ஒருக்கா கையால மூடிப் பிடிச்சிட்டு வரப்படாதா?" என்றாள் மெதுவாக.

பிரபினும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். "ஏலே, அந்த விளக்குக்க மேல ஒரு கறுப்பு டேப்பை ஒட்டித் தாறேன். பெண்ணைக் கூட்டிட்டுப் போ."

"சாவி போட்டதும் அது எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லேன்னா மாமா கண்டுபிடிச்சிருவாரு."

உபைத் அந்த வாரத்தில் பேசியவற்றிலேயே நீளமான பேச்சு இது. பிரபின் மரியாதையோடு கேட்டுக்கொண்டான்.

"பின்ன ராஜையன் அண்ணனத்தான் கேக்கணும். எஞ்சினை எறக்கினது அவருல்லா."

ராஜையனின் பட்டறை கடற்கரைக்குப் பக்கத்தில். தரை முழுக்கக் கருமண். அங்கே வேறொரு கார் எஞ்சின் இல்லாமல் நின்றது. அதன் போல்ட்டுகளும் சாமான்களும், கழற்றிய வரிசை மாறாமல், நாற்று நட்ட மாதிரி மண்ணில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தன. ராஜையன் ஒழுங்கானவர். மற்ற பட்டறைகளில் எல்லாம் ஒரே டப்பாவில் கிடந்து கலந்துபோகும். அவரிடம் ஒரு வாஷர் தொலைந்ததில்லை.

உபைத் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெகுநேரம் நின்றான்.

"இவனுக்கு மேலுக்கு சொகமில்லியா?" என்று ராஜையன் பிரபினிடம் கேட்டார்.

"அவன் அப்பிடித்தான் அண்ணே."

"அண்ணே," என்றான் உபைத். "அந்தச் சென்சாரையும் இங்கனதான் நட்டியளா?"

"பின்ன எனக்க தலையிலயா நடுவேன்? எல்லாத்தையும் வரிசையாத்தான் நட்டேன்."

அதற்குள் பிரபின் உபைத்தின் வண்டிக்கு அடியில் போய்விட்டிருந்தான். சென்சாரின் முனையில் காந்தம் உண்டு, கருமண்ணில் இரும்புத் தாது உண்டு. அந்தக் கரையில் வளர்ந்தவர்களில், உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மண்ணில் இழுக்காதவர்கள் இல்லை. சென்சார் வெளியே வந்தபோது அதற்குக் கறுப்பாக ஒரு தாடி முளைத்திருந்தது.

மூன்று பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"துடைச்சிட்டுத்தான் மாட்டினேன்," என்றார் ராஜையன்.

"துடைச்சா போவாது அண்ணே. இந்தப் பக்கம் துடைச்சா அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கிடும்."

"எத்தனையோ வருசமா நடுகேன். ஒரு வண்டியும் இப்பிடி மண்ணு தின்னதில்ல."

பிரபின் ஒட்டு டேப்பால் ஒற்றி ஒற்றித் தாடியை எடுத்தான். சென்சாரைத் திரும்ப மாட்டி, பிழையை அழித்தான். உபைத் அன்று இருட்டும்வரை ஓட்டிப் பார்த்தான். விளக்கு வரவில்லை.

மறுநாள் மாலை குளச்சலில் மாமாவே சாவியைப் போட்டார். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்தார். அணைந்தது. மறுபடியும் செய்து பார்த்தார். மறுபடியும் அணைந்தது.

"நான் ஓட்டுகேன். நீ பின்னால இரி," என்றார்.

சஜ்னா பையோடு முன்னால் ஏறினாள். உபைத் பின்சீட்டில் ஒரு பலாப்பழத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மாமா பள்ளங்களைத் தேடித் தேடி இறக்கினார். ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் இழுத்தார். எஞ்சின் முனகியது, விளக்கு மட்டும் வரவில்லை.

"வாப்பா, ரோட்டைப் பாருங்க," என்றாள் சஜ்னா.

வீட்டில் இறங்கியதும் அவள் உள்ளே போய், அடுக்களையிலிருந்து உரக்கக் கேட்டாள். "இத்தற நாளா இந்த வீட்டில ஆளு இருந்துதா, பூனை இருந்துதா?"

உபைத், இன்னும் ஏதாவது கேட்பாளா என்று வாசலிலேயே நின்றான். பாத்திரங்களைப் பற்றியும் கேட்டாள்.

மாமா சாயா குடித்துவிட்டு, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். சஜ்னா விடவில்லை. "வாப்பாவைக் கொண்டு விட்டிட்டு வாங்க. சோறு வச்சிருக்கேன்."

திரும்பும்போது உபைத் ஓட்டினான். மாமாவின் கண் மீட்டரைவிட்டு அகலவில்லை. குளச்சலில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினான். வீடு இருட்டாகக் கிடந்தது. மாமி மவுத்தான பிறகு அங்கே மாமா ஒருத்தர்தான்.

மாமா இறங்கவில்லை.

"வரல்லியே," என்றார், புகார் சொல்கிறவர் மாதிரி.

"இல்ல மாமா."

"நல்லா சூடானாத்தான் சிலது வரும்."

உபைத் அந்த இருட்டு வீட்டைப் பார்த்தான். தன் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். சஜ்னாவைப் போனில் அழைத்து, வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று மட்டும் சொல்லி வைத்தான். பிறகு கியரைப் போட்டான்.

"கடியப்பட்டணம்வரைக்கும் ஓட்டிப் பாப்பமா மாமா?"

மாமா சீட் பெல்ட்டை அவிழ்த்திருக்கவே இல்லை.

"ஓட்டு," என்றார். "பாக்காம விடப்படாது."