நாலாவது விஷயம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, அம்பத்தூர் கள்ளிக்குப்பத்து வீட்டின் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில், பெங்களூரிலிருந்து வந்திருந்த திருமுருகன். சன்னலோரம் தையல் மிஷின் முன்னால், ஸ்டூலில், அவன் அக்கா கண்ணம்மா. ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் மகள் ஸ்வாதி. பிளவுஸ் வாங்க வந்து, உட்கார நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட பக்கத்து வீட்டுச் சரசா. கட்டிலின் ஓரத்தில், பிளக் பாயிண்டுக்கு வயர் எட்டுகிற இடத்தில், கண்ணம்மாவின் வீட்டுக்காரர் சம்பந்தம். அவர் மடியில் கண்ணம்மாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

திருமுருகன் பையிலிருந்து வெள்ளை போன் ஒன்றை எடுத்து மிஷின் மேல் வைத்தான்.

"நான் புதுசு வாங்கிட்டேன்க்கா. இது ஒனக்கு. ஐபோன். கத்துக்க ஒண்ணும் கெடையாது. தொட்டா தொறக்கும், மேல தள்ளுனா மூடிக்கும்."

"அப்பா செட் பண்ண போனுக்கு லைசென்ஸ் எடுக்கணும் மாமா," என்றாள் ஸ்வாதி.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணம்மாவும் சிரித்தாள். பிறகு நினைத்துப் பார்த்தபோது சம்பந்தத்துக்கு அந்த ஒரு சிரிப்பு மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

மடியில் கிடந்த ஆண்ட்ராய்டு போனை அவர் நான்கு வருடமாக இழைத்து இழைத்துச் செய்திருந்தார். கடையில் வாங்கி வந்த முகம் அதற்கு இப்போது கிடையாது. படங்களை மாற்றி, பெயர்களைத் தமிழில் எழுதி, 'அளவு', 'மாடல்', 'துணி' என்று மூன்று பெட்டிகள் போட்டிருந்தார். இடமிருந்து தள்ளினால் கஸ்டமர் பட்டியல், இரண்டு தட்டு தட்டினால் டார்ச். ஆளுக்கொரு மணி. சரசாவுக்குக் கோயில் மணி, திருமுருகனுக்கு ரயில். தன் அழைப்புக்கு மட்டும் தன்னுடைய பழைய ஸ்கூட்டரின் ஹாரனையே பதிவு செய்து வைத்திருந்தார். ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் அதை எடுத்து உட்கார்ந்தால், எதையாவது இடம் மாற்றாமல் எழுந்திருக்க மாட்டார்.

மாற்றியது கண்ணம்மாவுக்குத் திங்கட்கிழமைதான் தெரியவரும். மண்ணூர்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி ஸ்டோர்ஸில் பதினோரு மணிக்குப் போன் அடிக்கும். "ஏங்க, நேத்து வரைக்கும் இங்கதான கீது, அந்தப் போட்டோலாம் எங்க போச்சு?" அவர் போல்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு, கண்ணை மூடி, அவள் விரல் போகவேண்டிய வழியைச் சொல்வார். "வலது பக்கம் தள்ளு. ஆச்சா? கீழே பச்சையா ஒண்ணு தெரியுதா?" அது பழகுவதற்குள் இன்னொன்று காணாமல் போகும், அநேகமாகத் தினமும் அதே பதினோரு மணிக்குக் கூப்பிடுவாள். பக்கத்து மேசை வேலுசாமி, "இன்னா அண்ணாத்தே, கஸ்டமர் கேரா?" என்று கிண்டல் செய்வான். சலித்துக்கொள்வது போல முகத்தை வைத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில், வேலை நேரத்தில் அவள் அவரைத் தேடிக் கூப்பிட ஆரம்பித்தது அந்தப் போன் வந்த பிறகுதான்.

வெள்ளை போன் வந்தபின் பதினோரு நாட்கள் பதினோரு மணிக்கு ஒன்றும் அடிக்கவில்லை. "இன்னா அண்ணாத்தே, லைன் கட்டா?" என்றான் வேலுசாமி.

ஒரு மாலை, கண்ணம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் அந்தப் போனைக் கையில் எடுத்தார். கடவு எண் ஸ்வாதியின் பிறந்தநாள். அவள் எதையும் மறைக்கிறவள் இல்லை. மறைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. எல்லாம் வரிசையாக, கம்பெனிக்காரன் வைத்த மாதிரியே இருந்தன. அவளே புதிதாக ஒரு படத்தொகுப்பு மட்டும் போட்டிருந்தாள். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஏதாவது கோணலாக இருந்தால் நேராக்கலாம். அங்கே அவர் கைவைக்க ஒன்றும் இல்லை. மூத்திர அவசரக்காரன் போலக் கால் மாற்றி மாற்றி நின்று, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் மாடிப்படிக்குக் கீழே நின்று அவளுக்குப் போன் போட்டார். மேலே மணி அடித்தது. ஊரில் எல்லோர் கையிலும் அடிக்கிற அதே மணி. மிஷின் சத்தம் நிற்காமலே அவள் குரல் வந்தது.

"சரசாவா? இன்னும் ஹூக்கு வெக்கலடி."

"நான்தான்," என்றார்.

"ஓ. இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. பால் வாங்கணுமா?"

"முருகன் ஆப் ஒண்ணு சொன்னான். அதுலயே வந்துடுச்சி."

அன்றிரவுச் சாப்பாட்டில் உப்பு கூடுதல் என்றார். ஸ்வாதி, இல்லையே என்றாள்.

சம்பந்தம் செய்யாறு பள்ளிக்கூடத்தில் படித்தவர். முக்கியமானதைத் தாளில்தான் எழுதுவார், எண் போட்டு எழுதுவார். திருமுருகனுக்கு மாதம் ஒரு கடிதம் போகும். அவன் அதைப் போட்டோ பிடித்து கூட்டாளிகளுக்கு அனுப்பிச் சிரிப்பான் என்று தெரிந்தும் விட்டதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. கவரை ஒட்டும்முன் கடிதத்தைக் கண்ணம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும். கல்யாணமான புதிதில் அவளே கேட்டுத் தொடங்கியது அது.

ஞாயிறு காலை வாசித்தார். அவள் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒன்று, இங்கு அனைவரும் நலம். இரண்டு, அம்பத்தூரில் மழை. நம் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. மூன்று, ஸ்வாதிக்குத் தேர்வு நெருங்குகிறது." தாளைச் சற்றே கீழே இறக்கினார். "ஐந்து, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வரவும்."

மிஷின் நின்றது.

"நாலு?"

"எது?"

"மூணு சொன்னீங்க, அஞ்சு சொன்னீங்க. நடுவுல ஒண்ணு கீதுல்ல. குடுங்க."

எண் போடாமல் எழுதியிருந்தால் தப்பித்திருப்பார். கொடுத்தார். அவள் உதடு அசைய வாசித்தாள்.

'நான்கு. நீ கொடுத்த போன் உன் அக்காவுக்கு ஒத்துவரவில்லை. நாளுக்கு நான்கு முறை என்னைக் கூப்பிட்டு வழி கேட்கிறாள். உன் மனம் நோகுமென்று சொல்லத் தயங்குகிறாள். அடுத்த முறை வரும்போது எடுத்துச் சென்றுவிடு.'

தெருவில் தண்ணீர் கேன் வண்டி மணியடித்துக்கொண்டு போய் மறைந்தது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கு மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தார்.

"நாலு தபாவா?" என்றாள். "பழசுலகூட ஒரு நாளைக்கு ஒரு தபாதான கூப்புட்டேன்."

அவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அளவு எழுதும் பேனாவை எடுத்தாள். தாளை மிஷின் பலகையில் வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு, அடியில் எழுதினாள். ஒரு வரி, இரண்டு வரி, அப்புறம் யோசித்து இன்னொன்று. மடித்துக் கவருக்குள் போட்டாள். அவர் பசையை நீட்டினார். அதை வாங்கவில்லை, கவரின் வாயை ஊசிக்குக் கீழே வைத்து, மிதித்தாள். சிவப்பு நூல். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பொடித் தையலாக ஓடி நின்றது.

"இன்னா எழுதுன?"

"ஆறாவது விஷயம். முருகன் படிச்சிக்குவான். போயி போட்டுட்டு வாங்க."

தபால்பெட்டி வரை அவர் நடந்தே போனார். கட்டைவிரல் தையலின் மேல் போய்ப்போய் வந்தது. ஒட்டிய கவர் என்றால் ஆவி காட்டிப் பிரிக்கலாம். தையலைப் பிரித்தால் அதே துளைகளில் மறுபடி தைக்க அவருக்கு வராது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய எழுத்தும் அவளுடைய எழுத்தும் மடிப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, எது யாருடையது என்று தெரியவில்லை. இன்னும் மூன்று நாளில் பெங்களூரில் ஒருவன் டீ குடித்துக்கொண்டே கத்தரியால் இதை வெட்டுவான். அவள் கை மறைத்துக்கொண்டு எழுதியதை, தான் இன்னும் பார்க்காததை, அவன் பார்ப்பான்.

சட்டைப்பையிலிருந்த தன் போனை எடுத்துப் பார்த்தார். மணி பதினொன்று பத்து. யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

கவரை உள்ளே தள்ளினார். அது விழுந்தது. வெட்டாமல் விட்டிருந்த நூல் வால் மட்டும் பெட்டியின் துருப்பிடித்த உதட்டில் மாட்டிக்கொண்டு, ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கியது. அதை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். மறுமுனையில் கடிதத்தின் எடை லேசாக ஆடுவது விரலுக்குத் தெரிந்தது. பிறகு சுற்றை அவிழ்த்து, நூலையும் உள்ளே விட்டார்.