கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது

காலை ஒன்பது மணி அடிப்பதற்குள் ஸம்பத்குமார் மேஜையில் உட்கார்ந்து சிவப்பு மசிப் பேனாவைத் திறந்துவிடுவார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரியில் அவர் ரிக்கார்டு குமாஸ்தா. வீடு திரும்பிய ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டும் அவரிடம்தான் வரும். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய எண்ணைத் தடித்த புத்தகத்தில் பார்த்து, தாளின் மூலையில் குறித்து, அந்த எண்ணுக்கான அட்டையில் நோயாளியின் பெயரை ஏற்ற வேண்டும். யார் யாருக்கு என்ன நோய் என்று பின்னால் எவர் கேட்டாலும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் பதில்.

ஸம்பத்குமார் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. முப்பது எண்கள் மனப்பாடம். அதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வைத்திருந்தார். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருப்பது, சேரும்போது நோயாளி சொன்ன உபாதை. சோதனைகள் எல்லாம் முடிந்து டாக்டர் முடிவாகச் சொல்லும் நோய் கடைசிப் பக்கத்தில் இருக்கும். எண் போட வேண்டியது அதைப் பார்த்து. நம் மனிதர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். குழந்தைக்கு இருமல், மூச்சிரைப்பு என்று இருந்தால் 466, மார்ச்சளி. தீர்ந்தது வேலை. மத்தியானத் தயிர் சாதத்துக்கு முன்னால் நாற்பது தாள் முடிந்துவிடும். மாத அறிக்கை ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை என்று மேனேஜர் மெச்சுவார். அன்றைக்கு இவருக்குத் தலைகால் புரியாது.

சந்தேகம் வந்தால் வார்டுக்குப் போய்க் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதுதான் விதி. போகமாட்டார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை. வார்டில் பாதிப் பேர் பழவேற்காட்டு ஏரிக் குப்பத்து ஜனங்கள். மீன் வாடை ஆகாது அவருக்கு.

1974 ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, குப்பத்திலிருந்து செல்லியம்மாள் தன் ஏழு வயது மகள் ரத்னாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அறை வாசலில் நின்றாள்.

"சாமி, பழைய சீட்டு எட்த்தாரச் சொன்னாரு டாக்டரு. மூணு வருசம் மின்னாடி இங்கதான் படுத்துக்கினு இருந்தா எம் பொண்ணு."

"அங்கேயே நில்லும்மா, தள்ளி." அவர் சிறுமியைப் பார்த்தார். "நாவப்பழம் தின்னுட்டு வாயைக்கூடத் துடைக்காம கூட்டிண்டு வரயே?"

"பழம் இல்ல சாமி. ஆறு மாசமா ஒதடு இப்டித்தான் கீது."

இரண்டே நிமிஷத்தில் தாளை எடுத்துக் கொடுத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அரைமணி கழித்து டாக்டர் பாக்கியநாதன் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அதே தாள்.

"இதுக்கு என்ன நம்பர் போட்டீங்க?"

"466 சார். மார்ச்சளி."

"கடைசிப் பக்கத்தைப் படிங்க."

முன்பு இருந்த டாக்டர் தெளிவான கையெழுத்தில் எழுதியிருந்தார். இருதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பிறவியிலேயே பெரிய ஓட்டை. பட்டணத்தில் இடம் கேட்டு, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும். இடம் கிடைத்ததும் கடிதம் வரும் என்று தாயிடம் சொல்லியிருக்கிறேன்.

"இடம் கிடைக்கறதுக்குள்ள அவர் வேலையை விட்டுப் போனார், நான் வந்தேன்" என்றார் டாக்டர். "நான் வந்த மாசமே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில இருந்து ஒரு லெட்டர் வந்துது. பிறவி இருதயக் கோளாறு உள்ள குழந்தைங்க பேரை அனுப்புங்க, இலவசமா பண்றோம்னு. நீங்க என்ன பதில் அடிச்சீங்க, ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குப் பிறவி இருதயக் கோளாறுக்கான 746ஆம் எண் அட்டையை எடுத்தார். அதில் ஒரு பெயரும் இல்லை. 'நில்', அதாவது ஒருவரும் இல்லை, என்று இங்கிலீஷில் டைப் அடித்து அன்றைய தபாலிலேயே சேர்த்தார். சுறுசுறுப்புக்குப் பாராட்டும் கிடைத்தது.

"நானும் அட்டையை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் பங்கு உண்டு" என்றார் டாக்டர்.

"இப்ப அனுப்பினா என்ன சார்?"

"அனுப்பத்தான் போறேன். ஆனா நுரையீரல் ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போச்சு. உதடு நீலமானப்புறம் அந்த ஓட்டையை அடைச்சா, அதுவே உயிருக்கு ஆபத்து. அவங்க கத்தி வைக்க மாட்டாங்க. ரெண்டு வருஷம் முந்தி போயிருந்தா பொழைச்சிருக்கும்."

ஸம்பத்குமார் வெளியே வந்தார். வராந்தாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் எழுந்தாள்.

"இன்னா சொன்னாரு சாமி? கடுதாசி வருமா? போஸ்ட்டுமேன் வரப்போல்லாம் ஓடிப்போய்க் கேட்டுக்கினுதான் கீறேன்."

எல்லாம் தலையெழுத்து என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். டாக்டர் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது. நாற்பது வயதுக்கு மேல், அவமானம் என்றால் என்ன என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"வராதும்மா" என்றார். "வரவேண்டிய கடுதாசியை வராமப் பண்ணினவன் நான்தான்."

ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தரையைப் பார்த்தே பேசினார்.

அவள் கூச்சல் போடவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவ நானு. நான் படிக்கலன்னா ஞாயம்" என்றாள். "நீ படிச்சவன் சாமி. தள்ளி நில்லுன்னே, நின்னேன். எங்க மேல வாடை அடிக்கும், சரி. அந்தக் காயிதத்திலயுமா அடிச்சுது?"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்று மத்தியானமே நான்கு வருஷத்துக் கட்டுகளையும் பரணிலிருந்து இறக்கினார். ஒவ்வொரு தாளையும் கடைசிப் பக்கம் வரை படித்தார். புரியாத இடத்தில் டாக்டரிடம் ஓடினார். வார்டுக்கும் போனார். வெள்ளிக்கிழமைக்குள் 746ஆம் அட்டையில் பதினோரு பெயர்கள் ஏறின. ஆறு பேருக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றார் டாக்டர்.

பட்டணத்துக்கு அடித்த கடிதத்தை மேனேஜர் ஜகந்நாதன் படித்துவிட்டு முகம் சுளித்தார். பட்டியலுக்கு மேலே, 'இத்தனை பெயர்கள் இருந்தும் முன்பு இல்லை என்று எழுதியது என்னுடைய குற்றம்' என்று ஒரு வரி இருந்தது.

"இதை எதுக்குய்யா போட்டீர்? வேலைக்கே உலை வச்சுப்பீர் போலிருக்கே. கை நீட்டி லஞ்சமா வாங்கினீர்? ஏதோ கவனப்பிசகு."

"பிசகு இல்லை சார், அலட்சியம்" என்றார் ஸம்பத்குமார். "சம்பளத்தை வாங்கிண்டு படிக்காமலே எழுதறது லஞ்சத்தைவிடக் கேவலம். லஞ்சம் வாங்கறவனாவது எதிர்ல நிக்கறவா மூஞ்சியைப் பார்த்துதான் வாங்கறான். நான் அந்தக் குழந்தையை ஒரு மனுஷியா பார்க்கவே இல்லை, சார்."