துணிக்கத்தரி

"வீட்டுல யாரும்மா அதிகமா சண்டை போடுறது?" என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி அம்மாவோடு இருக்கத் தொடங்கிய புதிது. வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"என் மச்சினிதான், டாக்டர். ஆரம்பிச்சா ஓய மாட்டா."

அம்மாவின் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி இருந்தால் பரவாமலிருக்க, இன்னும் சில தடவை மருந்து ஏற்ற வேண்டும்.

"மருந்துதான் முக்கியம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா மனசு மாசக்கணக்கா பதறிக்கிட்டே இருந்தா, உடம்புக்குள்ள காவல் காக்குற அணுக்களும் சோர்ந்து போகும். நோய் வேற இடத்துக்குப் பரவ அது வசதியாப் போயிடலாம். அவங்க நிம்மதியாத் தூங்கட்டும்."

அம்மாவுக்குத் தெரியாமல் அப்பா அன்றே சட்டம் போட்டார். சித்தி வரக்கூடாது. யாரும் உரக்கப் பேசக்கூடாது.

அம்மாவும் சித்தியும் எங்கள் முன்னறையில் சேர்ந்து தைப்பவர்கள். அம்மா வெட்டுவாள், சித்தி தைப்பாள். காலருக்குச் சண்டை, பட்டனுக்குச் சண்டை, மின்விசிறியின் வேகத்துக்கும் சண்டை. பெரிய சண்டை துணிக்கத்தரிக்குத்தான். காகிதம் வெட்டினால் அது மழுங்கிவிடும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த கத்தரியால் சித்தி காகிதத்தை வெட்டித் தொலைப்பாள்.

சித்தி வராத வீடு பஞ்சடைத்த காது போலாகிவிட்டது. அப்பா கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். நான் பூனை மாதிரி நடந்தேன். அம்மாவோ கூரையைப் பார்த்தபடி விழித்தே கிடந்தாள்.

சில நாள் இப்படியே போயிற்று. விடிந்தால் மருந்து ஏற்றப் போக வேண்டும். "நான் வரலை," என்றாள் அம்மா.

"ஏம்மா?"

"எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் மருந்து எதுக்கு? என் தங்கச்சிகூட என்னைத் திட்ட வரலையே. சாகப்போறவளைத்தான் யாரும் திட்ட மாட்டாங்க."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ஓடினேன்.

"வாடி ஊமைக்கோட்டான்," என்றாள் சித்தி. "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? அக்காவுக்கு என்ன?"

"நீ திட்ட வரலையாம் சித்தி. அதனால செத்துப்போயிடுவோம்னு நினைக்கிறா. நாளைக்கு மருந்துக்கு வர மாட்டாளாம்."

சித்தி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வாசலில் அப்பா, "மெதுவா..." என்று ஆரம்பித்தார். சித்தி அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மேசையிலிருந்த துணிக்கத்தரியை எடுத்தாள். அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை வெட்ட ஆரம்பித்தாள். கரக், கரக்.

அம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். "அடியே! அது என்ன கத்தரி?"

"ஏன், கண்ணு தெரியலையா?"

"துணிக்கத்தரிடி பாவி! மழுங்கிப் போயிடும்டி!"

"போகட்டும். சும்மாத்தானே கெடக்குது. நீயும் அதுவும் ஒண்ணு."

"யாருடி சும்மா கெடக்கறது? நீ தைக்கிற காலரைக் கழுதைக்கு மாட்டினா அதுவே கழட்டி எறியும்."

"நீ கழுதைக்குத்தானே அளவெடுத்தே! நான் என்ன செய்ய?"

அம்மா சிரித்துவிட்டாள். தையல் போட்ட இடம் இழுத்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். பதறி ஓடிவந்த அப்பாவின் சட்டையை நான் பிடித்து நிறுத்தினேன்.

"இரு, நாளைக்கு மருந்து ஏத்திக்கிட்டு வந்து உனக்கு வச்சுக்கறேன் கச்சேரி. நீயும் கூட வரணும்."

"அங்க கத்தினா வெளிய தள்ளுவாங்க."

"ரெண்டு பேரையும் சேர்த்தே தள்ளட்டும். தையக்காரியாம் தையக்காரி. போன தடவை அந்தப் பச்சைச் சட்டையில..."

பச்சைச் சட்டையில் என்ன என்பதைச் சொல்லி முடிக்காமலேயே அம்மா தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது.

சித்தியின் உதட்டு நுனியில் பதில் தயாராக நின்றது. எந்தச் சண்டையிலும் கடைசிச் சொல்லை விட்டுக்கொடுக்காதவள். கத்தரியைத் துணியால் துடைத்து, அம்மா கண் விழித்தால் தெரியும்படி வைத்தாள். போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.