இதழ் ஒட்டாத எட்டுப் பாடல்கள்

காலைக் கதிரவன் நகரத்து நெடுமாடங்களின் உச்சியைத் தொட்டு, மாடி மாடியாக இறங்கி, தெருவின் கருந்தரைமீது சோம்பலாய்க் கால் நீட்டிய பொழுது. கடைக்காரர்கள் இரும்புக் கதவுகளைக் கடகடவென மேலே தள்ள, பள்ளிச் சிறார் தோள்மூட்டையும் அவிழ்ந்த காலணி வாருமாய் விரைய, அச்சகத்து மையின் மணம் காற்றிலேறித் தெருமுனைவரை உலவிக்கொண்டிருந்த இனிய வேளை. அச்சகத்தை ஒட்டி, ஏறுவோரின் முழங்காலை வசைபாட வைக்கும் படிக்கட்டு ஒன்றின் முடிவில், ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. சுவரெங்கும் பஞ்சணை பதித்த அவ்வறையில் தும்மினால், அத்தும்மல்கூட வெளியே போக வழியின்றி அங்கேயே படுத்துவிடும்.

நல்லோரே, அப்படிகளில் மூச்சிரைக்க ஏறிவந்த தையற்காரம்மாவைப் பாருங்கள். அறுபதைக் கடந்தவர், ஊரார் உடம்பையெல்லாம் அளந்தளந்து, ஒருவர் வரும்போதே இடுப்பின் சுற்றளவைச் சொல்லிவிடும் கண்ணினர், தையல் மிதிபொறியின் மேல் குனிந்தபடியே தாமே சொல்லும் பண்ணும் கட்டி, துணிக்கும் தமக்கும் மட்டும் கேட்கப் பாடிவந்தவர். அப்பாடல்களை ஒரு தொகுப்பாக்கி உலகுக்கு அளிக்க வேண்டுமென்னும் ஆசை, இத்தனை ஆண்டு அடக்கிவைத்த பிறகு, போன மாதம் சோற்றுத் தட்டின் முன் திடீரென வாய்விட்டு வெளிப்பட்டது. கணவர் கைகழுவாமலே எழுந்து நின்று கைதட்டினார். மகளோ மறுநாளே கூடத்தை அமர்த்திவிட்டாள்.

மகள் பேருந்து ஓட்டுநர். நாற்பதை எட்டிப்பிடிக்கப் போகிறவள். ஆயினும் வீட்டில் அவள் பெயர் இன்றும் பாப்பாதான். அன்று விடுப்பெடுத்துத் தாயை அழைத்துவந்தவள், படியேறும்போது விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஏம்மா, அப்பாவுக்கு ரெண்டு பாட்டு. அந்தத் திருட்டுப் பூனைக்குக்கூட ஒண்ணு. எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?"

தையற்காரம்மாவின் கால் ஒரு படியில் நின்றுவிட்டது. விளையாட்டு அன்று அது; ஆறு வயதிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி என்பதைப் பெற்றவர் அறியாரா? மகளுக்கொரு பாட்டுக் கட்ட அவர் முயலாத நாளில்லை. ஒவ்வொரு முறையும் பண் எழும், கண் பனிக்கும், சொல் மட்டும் பல்லுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். தொகுப்புக்கு ஒன்பது பாடல் என்று சொல்லியாயிற்று, கையிலிருந்தவை எட்டே. ஒன்பதாவது இன்றாவது வாராதா என்று அவர் உள்ளூரத் தவித்துக்கொண்டிருந்தார். மகளிடமோ, "ஏறுடி, நேரமாச்சு" என்று அதட்டி வைத்தார்.

கூடத்தின் தலைவரை எல்லாரும் காதுக்காரர் என்றே அழைப்பர். அடுத்த தெருவில் குழாய் சொட்டினாலும் முகஞ்சுளிப்பவர். அவர் ஒலிவாங்கியை நிறுத்தி, அதன்முன் வட்டச் சட்டத்தில் கட்டிய மெல்லிய துணித்திரை ஒன்றையும் பொருத்தினார்.

"இது எதுக்கு தம்பி?"

"'ப' சொல்லும்போது வாய்லேர்ந்து காத்து பட்டுனு வரும்மா. மைக்ல வெடி மாதிரி விழும். அதத் தடுக்கத்தான்."

தையற்காரம்மா பாடத் தொடங்கினார். ஐயகோ! குரல் தம்முடையதாகவே இல்லை. அளவெடுக்காமல் தைத்த சட்டைபோல் ஓரிடத்தில் தொங்கிற்று, ஓரிடத்தில் இறுக்கிற்று. மறுமுறையும் அவ்வாறே. மும்முறை முயன்று உதட்டைப் பிதுக்கிய தையற்காரம்மா, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த இருவரும் காணாதவாறு திரும்பி, முந்தானையில் குத்தியிருந்த குண்டூசிகளில் நாலைந்தைக் கழற்றி, வழக்கம்போல் முன்பற்களிடையே கவ்விக்கொண்டார்.

"நூலே நூலே நில்லடி, நீ யாரைத் தேடிச் செல்கிறாய் சொல்லடி..."

அடடா, வந்ததே குரல்! தடைபட்ட வாய்க்காலில் நீர் திறந்தாற்போல் வந்தது. மகள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். காதுக்காரர் மட்டும் கருவியின் வடங்களையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்.

"எங்கயோ கிணுகிணுன்னு ஒரு சத்தம் வருது. என்னம்மா அது?"

"ஒண்ணுல்ல, தங்கி."

"தங்கியா?"

கதவைத் திறந்து உள்ளே வந்தவர், பல்லிடுக்கில் பளபளத்த ஊசிகளைக் கண்டு நெஞ்சில் கைவைத்தார். "ஐயையோ, முழுங்கிறப் போறீங்க!" என்று மகள் பக்கம் திரும்பினால், அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா வாயில ஊசி இல்லாத நாளே நான் பாத்ததில்லண்ணே. விட்டுருங்க, பாடட்டும்" என்றாள். காதுக்காரர் ஒருகணம் எண்ணினார், மீண்டும் கேட்டார், கிணுகிணுப்பு தாளத்தோடு இழைந்தே நின்றது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

தூறலைப் பற்றிய பாடல், நான்கு கண்ணன் என்று சட்டைப் பொத்தானைக் கிண்டல் செய்யும் பாடல், நாலுகால் கள்ளன் பாடல், "ஏங்க" என்று கணவரை அழைக்கும் இரண்டு பாடல்கள் என, நண்பகலுக்குள் எட்டும் இனிதே நிறைந்தன. காதுக்காரர் தலையைச் சொறிந்தபடி வெளியே வந்தார்.

"ஒரு அதிசயம்மா. அந்தத் துணிய மூணாவது பாட்டுலயே கழட்டிட்டேன். வேலையே இல்ல அதுக்கு. எட்டுப் பாட்டுல ஒரு 'ப' கிடையாது, ஒரு 'ம' கிடையாது. உதடு ஒட்டவே இல்ல. வேணும்னே கட்டுனீங்களா?"

தையற்காரம்மா திகைத்தார். மழை என்னாமல் தூறல் என்றது ஏன்? பூனையைப் பூனை என்னாதது ஏன்? பல்லில் ஊசியிருக்க, உதடு எங்ஙனம் ஒட்டும்! ஊசிக்கு இடைஞ்சலான சொல்லையெல்லாம் நா தானாகவே ஒதுக்கிவிட்டிருக்கிறது. "ஏங்க" தப்பித்தது, ஆனால் மகளை அழைக்கும் அந்தச் சொல்... அவர் ஊசியோடே சொல்லிப் பார்த்தார். "தாத்தா" என்று வந்தது.

மகளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நகைக்கத் திறந்த வாய் அழுகையில் கோணிற்று. "அட லூசு அம்மா! இதுக்குத்தானா? இத்தன வருஷமா நான் என்னென்னமோ நெனச்சேன்" என்று தாயின் தோளில் முகம் புதைத்தாள்.

"அடியே, ஊசி இருக்குடி, தள்ளு" என்றவர், ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். வாய் வெறுமையாயிற்று. காலையில் அச்சுறுத்திய அதே வெறுமை, இப்போது பெருக்கித் துடைத்த வீடுபோல் விருந்துக்குக் காத்திருந்தது. அவர் விறுவிறுவென உள்ளே சென்று நின்றார். காதுக்காரர் பொத்தானை அழுத்துவதற்கும் அவர் வாய் திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"பாப்பா, என் பாப்பா, பூட்டிய வாயைப் பிரித்தேன் பாப்பா, முதலில் வந்தவள் நீதான் பாப்பா..."

தேங்கிக் கிடந்த பகரமும் மகரமும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. துணித்திரையை மாட்ட மறந்த ஒலிவாங்கியில் ஒவ்வொரு பாப்பாவும் பட்டுப் பட்டென்று வெடித்தது. காதுக்காரர் பதறி, "திரையப் போட்டுட்டு இன்னொருக்கா பாடிரலாம்மா" என்றார்.

"தொட்டீங்கன்னா தெரியும்!" என்றாள் மகள், ஊசிகளை மூடிய கையை உயர்த்தி.

ஆகவே, அத்தொகுப்பைக் கேட்கும் அன்பர்காள், ஒன்பதாம் பாட்டில் உங்கள் கருவி பழுதுபட்டதென்று எண்ணித் தட்டாதீர். வாய்நிறைய வேலையைக் கவ்வி நிற்போர் நம் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. அதனால் அவர்தம் நெஞ்சில் நாம் இல்லையென்று கணக்கிட்டு விடுகிறோம். நகரத்துப் பேருந்து ஒன்றில் அப்பாட்டு நாள்தோறும் ஒலிக்கிறது. முதல் வெடிக்குப் பயணிகள் திடுக்கிட்டு நிமிர்கின்றனர். ஓட்டுநர் மட்டும், "அது நான்தாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.