மேல் பாட்டில், கீழ் பாட்டில்

என் வேலைக்கு இரண்டு பாட்டில் போதும். ஒன்றுக்கு நீல மூடி, இன்னொன்றுக்குச் சிவப்பு மூடி. கரை வேலை நடக்கிற வளைவுக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கத்தில் நீல பாட்டிலை நிரப்புவேன். வளைவுக்குக் கீழே, தண்ணீர் கடலைப் பார்த்துப் போகிற பக்கத்தில் சிவப்பு பாட்டிலை நிரப்புவேன். நடுவில் ஒன்றரை கிலோமீட்டர். சைக்கிளில் போவேன். காலை ஏழு மணி, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் நான்கு.

வரிச்சிக்குடியைத் தாண்டி, திருவேட்டக்குடிப் பக்கம் திரும்புகிற சின்ன ஆறு அது. போன வருஷ வெள்ளம் அதன் தென்கரையைக் கடித்துவிட்டது. தென்னை மரங்கள், கரையோரப் பாதை, ஒரு மின்கம்பம் எல்லாம் உள்ளே போயின. இந்த மழைக்குள் கரையைக் கட்டிவிட வேண்டுமென்று வேலை ஆரம்பித்தார்கள். செங்குத்தாக நிற்கிற மண்ணைப் பொக்லைனால் சரிவாக்கி, அடியில் கல் போட்டு, மேலே தென்னை நார் விரிப்பு போர்த்தி, சவுக்குக் கழி அடித்து, வெட்டிவேர் நடுவது. அனுமதி ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. நீல பாட்டிலைவிடச் சிவப்பு பாட்டிலின் கலங்கல் எண் முப்பதுக்கு மேல் கூடினால் இரண்டு நாள் வேலை நிற்க வேண்டும். மூன்றாவது முறை கூடினால் பொக்லைன் ஆற்றைவிட்டே போக வேண்டும். மறுபடி அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரலாம்.

அந்த எண்ணை அளக்கிறவள் நான். ஒரு பரிசோதனைக் கூடம் ஆறு மாத ஒப்பந்தத்தில் என்னை அனுப்பியிருந்தது. அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார்கள். நான் கோட்டுச்சேரியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லக் கைகூப்பித் திரும்பும்போது, வாரத்துக்கு ஒரு முகம் இருக்கும். ஆறு நாளும் நான் பேசியது பெரும்பாலும் எண்கள்தான். கேட்டவர் மேற்பார்வையாளர் செம்பியன்.

வேலை நடக்கிற இடத்தைச் சுற்றி, கலங்கல் வெளியே போகாமல் தடுக்க, மிதவை கட்டிய துணித் திரை ஒன்றைத் தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். ஆட்கள் அதற்குப் பாவாடை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஆத்துக்குப் பாவாடை கட்டியாச்சு மேடம். இனிமே அது மானத்துக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார் செம்பியன் முதல் நாள்.

நீல பாட்டில் எடுக்கிற இடத்துக்கு நேர் எதிரே, தென்கரையில், அமுதம் அக்காவின் வீடு. அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, மகள் கவியாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் நிற்பது வடகரை. பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஆனால் ஆறு அங்கே கத்தாமலே பேசிக்கொள்கிற அகலம்தான். இரண்டு மாதம் நாங்கள் தண்ணீருக்கு மேலாகத்தான் பேசினோம்.

"இன்னைக்கு எவ்ளோ?" என்று தினமும் கேட்பார்.

"மேல பதினெட்டு."

"கீழ?"

"இனிமேதான்க்கா."

"பாசாயிடுமா?"

அந்தக் கேள்விக்காகவே நான் நேரத்துக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு கொல்லை இருந்திருக்கிறது. துணிக்கொடி கட்டிய இரண்டு கம்பங்களில் ஒன்று போன வெள்ளத்தோடு போய்விட்டது. இப்போது கயிறு முன் அறைச் சன்னல் கம்பியிலிருந்து வீட்டுக்குப் பக்கவாட்டில் நின்ற முருங்கை மரத்துக்குப் போயிற்று. வாரத்துக்கு ஒருமுறை பின்சுவரில் குதிகாலை வைத்து, அடிமேல் அடி ஒட்டி வைத்துக் கரை விளிம்புவரை நடந்து பார்ப்பார்.

"ஒம்பது அடி இருக்கு" என்பார். "பட்டா இல்லாத எடம். வூடு போச்சுன்னா போனதுதான். வேற எடமெல்லாம் யாரும் தர மாட்டாங்க."

பொக்லைன் கீழ்க்கோடியில் ஆரம்பித்து மேலே வந்துகொண்டிருந்தது. அவர் வீடுதான் கடைசி.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு நாள் வித்தியாசம் நாற்பத்தொன்று வந்தது. வேலை இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டாவது நாள் பெய்த இடிமழையில் கரை ஒரு துண்டு விழுந்தது.

"ஏழு அடி" என்றார் அமுதம் அக்கா, மறுநாள். பிறகு, "அது என்ன கணக்கு, எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்" என்றார்.

நான் சொன்னேன். யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டு பாட்டிலையும் தூக்கிக் காட்டி நிதானமாகச் சொன்னேன். கீழே எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, மேலே இருப்பதைவிட எவ்வளவு அதிகம் என்பதுதான் கணக்கு என்று. அவர் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டார். இரண்டு முறை தலையாட்டினார்.

அடுத்த வாரம் இன்னொரு முறை கூடியது. மறுபடி இரண்டு நாள். இன்னும் ஒரு முறைதான் பாக்கி என்று செம்பியன் ஆட்களிடம் சொல்லிவைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகப் போயிற்று. ஒன்பது நாள், ஒரு வேளைகூட வித்தியாசம் முப்பதைத் தாண்டவில்லை. சிவப்பு எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. ஆனால் நீலமும் கூடவே அறுபது, எழுபது என்று ஏறியது. குறிப்பேட்டில் 'மேல் மதகு திறந்திருக்கலாம்' என்று எழுதினேன். மதகு திறந்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது.

களையெடுப்பு நேரத்தில் அமுதம் அக்கா மூன்று வேளையும் வீட்டில் இருப்பதைப் பார்த்தேன். முட்டி வலி என்றார். ஒரு நாள் பகலில் கரையோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதம் சிவந்திருந்தது இந்தப் பக்கம்வரை தெரிந்தது.

"என்னக்கா, கால்ல மருதாணி? கல்யாணமா?"

"ஆமா. இந்த ஆத்தோட" என்று சிரித்தார்.

கீழே, சிவப்பு பாட்டில் இடத்தில், குஞ்சம்மா மட்டிச் சிப்பி பொறுக்குவார். திருவேட்டக்குடிக்காரர். இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் தடவிப் பார்த்து, குனிந்து கையால் எடுப்பார். அதிகம் பேசமாட்டார். அந்த வாரம் கரைக்கு வந்து என் முன்னால் கூடையைச் சாய்த்தார். எல்லா மட்டியும் வாய் பிளந்து, உள்ளே சாம்பல் நிறச் சேறு.

"மண்ணத் தின்னு செத்துருக்கு. உன் பாட்டில்ல என்ன வருது?"

"நிபந்தனைக்குள்ளதான் வருது."

"அப்ப இதுங்கதான் பொய் சொல்லுது போல" என்று அவற்றை மறுபடி ஆற்றிலேயே கொட்டிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் எனக்குத் தூக்கம் சீக்கிரம் கலைந்துவிட்டது. ஏழு மணிக்குப் போக வேண்டியவள் ஆறேகாலுக்கே போய்விட்டேன். நீல பாட்டில் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றின் நடுவில், இடுப்பளவு தண்ணீரில் அமுதம் அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சவுக்குக் கழி. அதை ஊன்றிக்கொண்டு, சுவருக்கு மண் குழைப்பதுபோல அடிச்சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றித் தண்ணீர் தேநீர் நிறத்தில் சுழன்று என் இடத்தை நோக்கி வந்தது.

என்னைப் பார்த்ததும் நின்றார். மெதுவாக அந்தக் கரை ஏறிப் புடவையைப் பிழிந்தார்.

"எத்தன நாளாக்கா?"

"ரெண்டாந்தரம் வேல நின்னதுலேருந்து. நீ சொல்லிக்குடுத்த கணக்குதான்."

"கீழ மட்டி சாவுது."

"எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போனதில்ல." கழியைக் கீழே போட்டுவிட்டு, "யாரு கேக்கப்போறா? நீதான் கேப்ப. கேக்காத" என்றார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்னும் முன்னூறு அடி மேலே போய் நீல பாட்டிலை நிரப்பினேன். பத்தொன்பது. ஏழு மணிக்குப் பொக்லைன் இறங்கியது. எட்டு மணிக்குச் சிவப்பு எண்பத்தெட்டு. கழித்துப் பார்க்க எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. ஆனாலும் எழுதிக் கழித்தேன். அதைக் கிழித்துவிட்டு, பழைய இடத்திலேயே எடுத்ததுபோல நீலம் அறுபது, எழுபது என்று எழுதலாம். இன்னும் ஆறு நாளில் பொக்லைன் அவர் வீட்டுக்கு முன்னால் வந்துவிடும். சிவப்பு பாட்டில் இடத்திலேயே வெயில் ஏறும்வரை குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே குஞ்சம்மா வெறுங்கூடையோடு கரையேறுவதைப் பார்த்தபிறகு கையெழுத்துப் போட்டேன். கடந்த ஒன்பது நாள் நீல எண்கள் செல்லாது என்றும் எழுதினேன்.

செம்பியன் இரண்டு முறை படித்தார். "மேல தண்ணி கலக்கப்பட்டிருந்ததுன்னு போட்டிருக்கீங்க. யாரு கலக்குனா?"

"மாடு."

அவர் எதிர்க்கரை வீட்டைப் பார்த்தார். "ரெண்டு கால் மாடா?"

நான் குறிப்பேட்டை வாங்கக் கை நீட்டினேன். அதைக் கொடுத்துக்கொண்டே, "அந்த வூட்டுக்கு முன்னாடிதான் மேடம் வேல இன்னும் வரவே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பொக்லைனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் அனுமதி ஆணையின் நாற்பது பக்கத்தையும் முதல்முறையாக முழுக்கப் படித்தேன். நீர்மட்டத்துக்கு மேலே, இயந்திரம் இல்லாமல் கையால் செய்கிற வேலைக்குத் தடை கிடையாது என்று முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"நாலு ஆளு தரேன். கழி அடிச்சு வெட்டிவேர் நட்டுக்குவாங்க" என்றார் செம்பியன். "ஆனா அடியில கல்லு போட முடியாது. கல்லு இல்லாம கழி நிக்குமான்னு என்னையக் கேக்காதீங்க."

இதைச் சொல்ல நான் பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். முதல்முறை அந்தக் கரையில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால், வடகரையில் நான் தினமும் நிற்கிற இடத்தில் புல் தேய்ந்து ஓர் ஆள் அளவுக்கு வெறும் தரை தெரிந்தது.

அமுதம் அக்கா வாசலில் உட்கார்ந்து கால் விரல்களுக்கு நடுவே மருதாணி விழுது வைத்துக்கொண்டிருந்தார். விரலிடுக்குகள் எல்லாம் வெந்து வெள்ளையாகத் தோலுரிந்திருந்தன. சேற்றுப்புண். நடவு ஆட்கள் அதற்கு மருதாணி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து அது எனக்குத் தோன்றவில்லை.

நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கல்லு இல்லாமயா?"

"ஆமாக்கா."

"சரி" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

ஐந்து நாள் கை வேலை நடந்தது. நான்கு ஆட்களோடு அவரும் நின்று கழி அடித்தார், விரிப்பை ஆணி வைத்து இறுக்கினார், சரிவு முழுக்க வெட்டிவேர் நட்டார். ஏழு மணிக்கு நான் எதிரே நின்று நீல பாட்டிலை நிரப்பும்போது அவர் முதுகு தெரியும். எண் என்னவென்று அவர் கேட்கவில்லை. கேட்காத எண்ணை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மூன்று நாள் கரைக்குப் போக முடியவில்லை. நான்காம் நாள் போனபோது வீட்டின் பின்சுவரும் சமையலறையும் இல்லை. முன் அறை மட்டும், பிளந்த பெட்டிபோல ஆற்றைப் பார்த்து நின்றது. கழிகளில் பாதி அடிமண் போய்த் தண்ணீருக்குள் சாய்ந்திருந்தன. மேல்வரிசை மட்டும் வெட்டிவேரோடு பிடித்துக்கொண்டிருந்தது. அமுதம் அக்காவை முந்தின நாளே வரிச்சிக்குடியில் இருக்கும் அவர் தமக்கை வந்து அழைத்துப் போனதாகச் சொன்னார்கள்.

நான் ஒருமுறை அங்கே போனேன். "வேலைக்குப் போயிருக்கா" என்றார் தமக்கை, கதவைப் பாதி திறந்து. உள்ளேயிருந்து மருதாணி வாசனை வந்தது.

தை மாதம் புது அனுமதியோடு பொக்லைன் திரும்பி வந்தது. இம்முறை இரண்டு பாவாடை கட்டினார்கள். கல்லையும் போட்டார்கள். வித்தியாசம் பதினைந்தைத் தாண்டவில்லை. குஞ்சம்மா ஒரு நாள் கூடைக்குள் கைவிட்டு, நகத்தளவு மட்டிக்குஞ்சு ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி தண்ணீரிலேயே போட்டார்.

வெட்டிவேர் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதன் நுனியை அவ்வப்போது கத்தரிக்க வேண்டும், அப்போதுதான் வேர் இறங்கும். செம்பியனின் ஆட்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் இடிந்த வீட்டுக்கு முன்னால் இருக்கிற வரிசை மட்டும் எப்போதும் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருக்கும். நான் இல்லாத நேரங்களில்.

சீக்கிரமாக ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று நினைப்பேன். போகவில்லை. ஒரு முறை சீக்கிரம் போனது போதும்.

என் ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பகல் பன்னிரண்டு மணிக்கு, சன்னல் கம்பியிலிருந்து முருங்கை மரத்துக்குப் புதுக் கயிறு கட்டியிருந்தது. அதில் ஒரு புடவை. கீழ்ப்பாதி சேறு பட்டு அலசியது. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் நீல பாட்டிலை நிரப்பி மீட்டரில் வைத்தேன். எண் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"மேல பன்னண்டு" என்றேன், வழக்கமாகப் பேசுகிற சத்தத்தில்.

புடவை சொட்டியது. மூடியைத் திருகிக்கொண்டு கீழே போனேன்.