பத்தொன்பது நிமிடம்

தன்னை அளக்க ஆள் வருகிறான் என்று தெரிந்ததும் ஃபுவென்சாந்தா அன்று காலை உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். மற்ற எதை மன்னித்தாலும் அந்த உதட்டுச்சாயத்துக்காகத் தன்னை மன்னிக்க முடியாது என்று பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஸ்பெயினில், பெனிதோர்ம் கடற்கரையில் பதினோரு மாடி ஹோட்டல் அது. அறைகளைச் சுத்தம் செய்ய முப்பத்திநான்கு பெண்கள். ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை அறை என்று எழுதிவைத்த கணக்கு கிடையாது. மேற்பார்வைக்காரி வெனான்சியாவின் வாயில் எது வருகிறதோ அதுதான் எண்ணிக்கை. பதினெட்டு என்பாள், வெள்ளிக்கிழமையானால் இருபது என்பாள், யாராவது வராவிட்டால் இருபத்திரண்டு என்பாள். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று சங்கம் மூன்று வருடம் மோதிப் பார்த்தது. இரண்டு தடவை ஹோட்டல் வாசலில் சட்டி பானைகளைத் தட்டி ஊரைக் கூட்டினார்கள். கடைசியில் போன குளிர்காலத்தில் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு ஏறியது. வேலைப்பளுவை நேரில் அளக்க வேண்டும். நிஜமான ஒருத்தி நிஜமான அறையைச் சுத்தம் செய்ய, வெளியாள் ஒருவன் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்பான். அளவு தவறு என்று அவள் நினைத்தால், அதை அறிவித்த பத்து நாளுக்குள் மறுபடி அளக்கச் சொல்லலாம். பத்து நாள் தாண்டிவிட்டால் இரண்டு வருடத்துக்கு அந்த அளவுதான் சட்டம்.

கையெழுத்தான அன்று பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை. யாரை அளப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் வெனான்சியா கையை விட்டாள்.

"உன் பேரைத்தான்டி குடுத்திருக்கேன்," என்றாள் ஃபுவென்சாந்தாவிடம். "மத்தவளுங்க விரிக்கிற படுக்கையப் பாத்தா மாடு படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. மத்ரீத்லேர்ந்து அவ்ளோ தூரம் வர்றான். ஒரு நல்ல கை எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போகட்டுமே."

தலையில் ஐஸ் வைத்தால் யாருக்குத்தான் குளிராது? அதுவும் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை கேட்காத தலை. தொழிற்சங்கப் பிரதிநிதி மிலாக்ரோஸ் அவளைத் தனியாக இழுத்து, "எப்பவும் போல செய்டி. ஓடாத. பத்தரைக்கு உக்காந்து ரொட்டி தின்னு. நீ ஓடுனா முப்பத்திநாலு பேரும் ஓடணும்," என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஃபுவென்சாந்தாவும் தலையை ஆட்டினாள்.

எப்பவும் போல என்றால் என்ன? வேலை எட்டு மணிக்கு. ஆனால் அந்த ஹோட்டலில் எட்டு மணிக்கு வருகிறவள் யாரும் இல்லை. ஏழரைக்கே வந்து, துணியறையில் முண்டியடித்து நல்ல விரிப்புகளைப் பொறுக்கி, ட்ராலியை நிரப்பி வைத்துவிட்டு, எட்டு மணிக்கு வருகை பதிவார்கள். அந்த அரைமணிக்குக் கூலி கிடையாது. யாரும் வரச் சொல்வதும் கிடையாது. வராவிட்டால் வேலை முடியாது, அவ்வளவுதான். "நான் ஏழு இருபதுக்கே வந்துட்டேன்" என்று பெருமையடித்துக்கொள்வார்கள் வேறு! ரொட்டியை லிஃப்டுக்குள் நின்றபடியே விழுங்குவார்கள். இந்த வெட்கக்கேட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கெட்டிக்காரத்தனம்.

அன்றைக்கும் ஃபுவென்சாந்தா ஏழு இருபதுக்கு வந்தாள். ட்ராலி நிரம்பி வழிந்தது. கடிகாரக்காரன் சின்ன வயசுப் பொறியாளன், முகத்தில் பால் மணம் மாறாதவன். அறைக் கதவு திறந்ததும் பொத்தானை அமுக்கினான். அவள் கைகள் பறந்தன. இரண்டு படுக்கை, குளியலறை, பால்கனி, குப்பை, தரை. விரிப்பின் ஓரத்தை மடக்கி அவள் ஓர் இழுப்பு இழுத்தாள், அப்பளம் போல் நின்றது. அவன் உதட்டைக் குவித்து விசிலடித்தான்.

"பத்தொன்பது நிமிஷம்! எந்த ஊர்லயும் நான் இப்படிப் பாத்ததில்ல, அம்மா."

அவள் உச்சி குளிர்ந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அடுத்த திங்கட்கிழமை துணியறைச் சுவரில் தாள் தொங்கியது. எட்டு மணிநேரம், அதில் ரொட்டிக்கு இருபது நிமிடம் போக, மீதியைப் பத்தொன்பதால் வகுத்திருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இருபத்துநான்கு அறை. அன்றிலிருந்தே அமல்.

துணியறையில் யாரோ ஒருத்தி கையைத் தட்டினாள். "வாங்க சாம்பியன், வாங்க! மெடல் எங்க? கழுத்துல மாட்டிட்டு வரலையா?" இன்னொருத்தி, "அவளுக்கு என்னடி, உதட்டுச்சாயம் போட்டு ஓடுவா, நாம நாக்கு தள்ளி ஓடுவோம்," என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஃபுவென்சாந்தாவுக்கு அவர்கள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. வேகமாகச் செய்வது ஒரு குற்றமா என்று எதிர்த்துக்கூடக் கேட்டாள்.

பிராக்சேதெஸ் மட்டும் அவர்களோடு சேரவில்லை. ஆறாவது மாடியில் பாதி அவளுக்கு, பாதி ஃபுவென்சாந்தாவுக்கு. பதினான்கு வருடமாக ஒரே மாடி. அவளுக்கு வயது அறுபத்தொன்று. வலது தோள் பாதி செத்துவிட்டது, காலையில் ஒரு மாத்திரை, மதியம் ஒன்று. ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம். தாளை வாசித்துவிட்டு ஃபுவென்சாந்தாவிடம் வந்து, "நீ மறுபடி அளக்கச் சொல்லலாம், இல்ல? உன் ஒருத்தியாலதான் முடியும்," என்று மட்டும் கேட்டாள்.

"சொல்றேன், சொல்றேன்," என்றாள் ஃபுவென்சாந்தா.

சொல்லவில்லை. ஏனென்றால் அன்று மாலையே வெனான்சியா அவளைத் தன் மேஜைக்கு அழைத்தாள். ஜூலை மாதம் துணை மேற்பார்வை இடம் காலியாகிறது. படுக்கை விரிக்க வேண்டாம், முட்டி போட்டுத் தேய்க்க வேண்டாம். கையில் பட்டியலோடு நடந்தால் போதும். "உன் பேரைத்தான் யோசிச்சு வெச்சிருக்கேன். இந்தச் சங்கத்துக்காரிங்க பேச்சைக் கேட்டு ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணாம இரு," என்றாள். முட்டிக்குத் தினமும் களிம்பு பூசுகிறவளுக்கு அது எப்படிப்பட்ட வார்த்தை என்று சொல்லவா வேண்டும்? ஒரு நாள் பொறுப்போம் என்று நினைத்தாள். அப்புறம் இன்னொரு நாள். ஆறு நாள் போயிற்று. அந்த ஆறு நாளும் பிராக்சேதெஸ் நாலு மணிக்கு வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு, ஆறு மணி வரை கூலியில்லாமல் மிச்ச அறைகளைச் செய்தாள். ஃபுவென்சாந்தா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

ஏழாம் நாள் 611ஆம் அறையிலிருந்து ஓர் அலறல் வந்தது. சோபாவைப் படுக்கையாக இழுக்கும்போது பிராக்சேதெஸின் தோளில் ஏதோ அறுந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சுவர்ச் சுண்ணாம்பு போலிருந்தது. ஃபுவென்சாந்தா ஓடிப்போய்த் தூக்கப் போனபோது, "தொடாத!" என்று கத்தினாள். "இருபத்துநாலுல இது பதினெட்டாவது. போய் மிச்சத்தையும் நீயே செய்."

ஆம்புலன்ஸ் போன பிறகு ஃபுவென்சாந்தா நேராக மிலாக்ரோஸிடம் போனாள். "எழுது. மறுபடி அளக்கணும்."

மிலாக்ரோஸ் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதினாள். "இந்தத் தடவையாவது மெதுவா செய். கையக் கால அடக்கிக்கிட்டு."

"எனக்கு நடிக்கத் தெரியாது. அவங்க சொன்னதைச் செய்றேன். அவங்க சொன்னதை மட்டும்."

பத்தாம் நாள் காலை, மிகச் சரியாக எட்டு மணிக்கு, ஃபுவென்சாந்தா துணியறைக்குள் வந்தாள். வருடத்தில் ஒரு தடவை எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டு எல்லாரும் மறந்துவிடும் ஹோட்டலின் விதிப்புத்தகம் அவள் கக்கத்தில் இருந்தது. ஓர் அறைக்கு நாற்பத்தொரு வேலை என்று அதில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். வெனான்சியா இருந்தாள். மேனேஜர் தோன் எவெலியோவும் டை கட்டிக்கொண்டு இறங்கி வந்திருந்தார். ட்ராலி காலியாக நின்றது.

"பொத்தானை அமுக்கு, தம்பி," என்றாள் பொறியாளனிடம்.

"அறையிலதானே ஆரம்பிக்கணும்? ட்ராலி நிரப்புறது கணக்குல கிடையாதே."

"அப்ப யாரு நிரப்புவா? கன்னிமரியாள் வந்து நிரப்புவாளா? இருபத்திரண்டு வருஷமா ஏழரைக்கு வந்து ஓசியில நிரப்புறோம். இன்னிக்கு எட்டு மணிக்கு வந்திருக்கேன். எட்டு மணிக்குத்தான் இவங்க கூலி ஆரம்பிக்குது. அமுக்கு."

அவன் தோன் எவெலியோவைப் பார்த்தான். மிலாக்ரோஸ் ஒப்பந்தத்தை நீட்டி, 'வேலை நேரம் தொடங்கியதிலிருந்து' என்ற வரியில் விரலை வைத்தாள். அவன் அமுக்கினான்.

அவள் ஓடவில்லை, ஊரவுமில்லை. ட்ராலிக்குப் பிடித்த நேரத்தை அவன் தனியாகக் குறித்துக்கொண்டான். பிறகு அறை. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் புத்தகத்தைப் பிரித்து உரக்க வாசித்தாள். "ஏழு. மெத்தையைத் தூக்கி அடிச்சட்டத்தைத் துடைக்கவும்." தூக்கினாள், துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது. அதை அப்படியே மேனேஜரின் மூக்குக்கு நேரே பிடித்தாள். "பதினாறு. ஷவர் தலையைக் கழற்றிச் சுண்ணாம்பு நீக்கவும்." கழற்றினாள். "இருபத்தொன்பது. கட்டிலை நகர்த்திப் பின்சுவரைத் துடைக்கவும்." கட்டிலின் பின்னால் யாரோ ஒரு குழந்தையின் செருப்பு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், எந்தக் கோடையுடையது என்றே தெரியாத மணல். அவளுக்கு அழுகை முட்டியது. தன் கை சுத்தமான கை என்று இத்தனை வருடம் நம்பியிருந்தாள். இவர்களுடைய புத்தகப்படி ஓர் அறையைக்கூட முழுதாகச் செய்ய இவர்கள் அவளை விட்டதில்லை. அதைவிடக் கேவலம், அவளும் அதைக் கேட்டதில்லை.

நாற்பத்தொன்று முடிந்தபோது கடிகாரம் ஐம்பத்திரண்டு நிமிடம் காட்டியது.

"இது வேணும்னே பண்ற சதி!" என்று கத்தினார் தோன் எவெலியோ. "பத்தொன்பது நிமிஷத்துல செஞ்சவ நீ!"

"ஆமா, செஞ்சேன். ஆறு வருஷமா முட்டியில ஊசி போட்டுக்கிட்டுச் செஞ்சேன். உங்க புத்தகத்துல பாதியை விட்டுட்டுச் செஞ்சேன். எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இப்ப சொல்லுங்க, தோன் எவெலியோ, இந்த நாப்பத்தொண்ணுல எது வேண்டாம்? பேனா எடுத்து அடிங்க. அடிச்சு, கீழ உங்க கையெழுத்தப் போடுங்க. விருந்தாளி வந்து மெத்தைக்கடியில ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா, அந்தத் தாளைக் காட்டறேன்."

தோன் எவெலியோ பேனாவை எடுத்தார். மூன்று மணி நேரம் அவரும் மிலாக்ரோஸும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேரம் பேசினார்கள். மதியத்துக்குள் பதினெட்டு வரிகள் அடிபட்டன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் கையெழுத்து. ட்ராலிக்குரிய நேரமும் உள்ளே வந்தது. ஓர் அறைக்கு இருபத்தேழு நிமிடம் என்று முடிவாயிற்று. ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினேழு அறை. பெண்கள் படிக்கட்டில் நின்று கத்தினார்கள், சிலர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். வெனான்சியா அவளைத் தாண்டிப் போகும்போது, "ஜூலையை மறந்துடு," என்றாள். அந்த இடம் போனதில் ஃபுவென்சாந்தாவுக்கு வருத்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது, நிறைய இருந்தது.

சாயங்காலம் பிராக்சேதெஸின் வீட்டுக்குப் போனாள். பின்தெருவில் நாலாவது மாடி. பிராக்சேதெஸ் வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித்தூளியில் மாட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் இடக்கையால் ஓர் உருளைக்கிழங்கோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"பதினேழு ஆக்கிட்டோம்," என்றாள் ஃபுவென்சாந்தா.

"டாக்டர் கத்தி வெக்கணுங்கறார். வெச்சாலும் இந்தக் கை தலைக்கு மேல எழும்பாதாம்." பிராக்சேதெஸ் நிமிரவில்லை. "என்னிக்குக் கேட்டேன் உன்கிட்ட?"

"போன வாரம் திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தா?"

வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்த மன்னிப்பைச் சொல்ல ஃபுவென்சாந்தா வாயைத் திறந்தாள்.

"வாய மூடிட்டு நில்லு. மன்னிப்புன்னு மட்டும் கேட்றாத, கேட்டா இந்தச் சட்டியாலயே அடிப்பேன்," என்றாள் பிராக்சேதெஸ். "எனக்கு உம்மேல கோவம். நாளைக்கும் இருக்கும். சாகறவரைக்கும் இருந்தாலும் இருக்கும். பதினேழு நல்ல நம்பர்தான். எனக்கு அது எதுக்கு?"

ஃபுவென்சாந்தா அவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஓர் உருளைக்கிழங்கு, இரண்டு, மூன்று. தோல் சரசரவென்று பறந்தது.

"மெதுவா சீவுடி!" என்று பிராக்சேதெஸ் மேஜையில் இடக்கையால் ஓங்கி அடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இங்க உன்னை யாருடி அளக்கறா?"

ஃபுவென்சாந்தா மெதுவாகச் சீவ முயன்றாள். கை கேட்கவில்லை.