டாக்டரைப் பார்க்கப் போகும் முன் மூன்று நாள் சர்வீஸ்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு உலகத்திலேயே பிடிக்காத ஜென்மம் ஒன்று உண்டு. மெக்கானிக் வருகிறார் என்று தெரிந்ததும் மெஷினைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிற வாடிக்கையாளர். கசிந்த தண்ணீரை ஒற்றி எடுத்து, தரையையும் துடைத்து, மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வும் கொடுத்துவிட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று பல்லைக் காட்டுவார்கள். "தண்ணி எந்தப் பக்கம் வந்துச்சுன்னு நான் ஜோசியமா பாக்க முடியும்?" என்று இருபத்தாறு வருடமாக அவர் கத்திக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதர், டாக்டரைப் பார்க்க நாள் குறித்ததும் என்ன கூத்து அடித்தார் என்பதுதான் கதை.

நாள் குறித்தது அவர் இல்லை, மனைவி. "படி ஏறினா கொஞ்சம் அசதியா இருக்கு" என்று ஒரு நாள் அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்டரில் வேலை. ஒரு குடையைக் கொடுப்பதற்கே பிடி என்ன நிறம், எத்தனை கம்பி வளைந்திருக்கும் என்று குடைந்து எடுப்பவர். கணவனை விடுவாரா? சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம், பேனாவும் தாளுமாக, தானே டாக்டராக உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அசதி?"

"உடம்புலதான்."

"உடம்புல எங்க?"

"எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா."

மனைவி பேனாவை மேஜையில் வைத்தார். "இந்தப் பதிலுக்கு நான் ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்துத் தரமாட்டேன். டாக்டர் பத்து நிமிஷந்தான் குடுப்பாங்க. கொஞ்சம் கொஞ்சம்னு சொல்லியே அதைத் தீத்துடாதீங்க."

உண்மை அவருக்கு மட்டும் தெரியும். மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், திருப்பத்தில் நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல் இருந்தது. மெஷினை இறக்கிவிட்டு, பையில் ஸ்க்ரூ தேடுவது போல் பாவனை செய்துகொண்டு நின்றால் போய்விடும். இதைச் சொன்னால், "இனிமே தூக்காதீங்க" என்பார்கள். தூக்காத மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்? அதைவிடப் பெரிதாக எதையாவது சொல்லிவிட்டால்?

ஆகவே சர்வீஸ் ஆரம்பமானது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. உப்பைக் குறைத்தார், டீயை நிறுத்தினார். சாயங்காலம் பூங்காவில், சமதரையில் மட்டும், கண்ணாடிச் சாமான் சுமப்பவர் போல மெல்ல நடந்தார். முடி வெட்டிக்கொண்டார், காதுக்குள் வளர்ந்திருந்ததையும் விட்டுவைக்கவில்லை. நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்துத் தேய் தேய் என்று தேய்த்தார்.

"டாக்டரைப் பாக்கப் போறீங்களா, போட்டோ எடுக்கப் போறீங்களா?" என்றார் மனைவி.

டாக்டர் ஓர் இளம் பெண். பிரஷர் பார்த்து, "அருமையா இருக்கு" என்றார். நாடியும் அருமை. நாக்கை நீட்டச் சொன்னவர் அதைப் பார்த்து ஒரு கணம் அசந்தே போனார். மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"என்ன தொந்தரவு உங்களுக்கு?"

"லேசா அசதிங்க. இப்ப நல்லாத்தான் இருக்கு." சொல்லிவிட்டுப் பல்லையும் காட்டினார். மேஜைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தார். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது ஏதாவது?"

"சேச்சே, அதெல்லாம் கிடையாது."

டாக்டர் பேனாவை மூடினார். "இப்போதைக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. மறுபடி ஏதாவது தெரிஞ்சா வாங்க."

தப்பித்தோம் என்று எழுந்தவர், பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார். இது அவருடைய வசனம் அல்லவா? மெஷின் கோளாறைக் காட்டாமல் சாது வேஷம் போடும்போது, பையை மூடிக்கொண்டே அவர் சொல்கிற அதே வசனம். அப்படி விட்டுவிட்டு வந்த மெஷின்களின் கதி அந்த அறையில் அவருக்குத்தான் தெரியும். ஒரு வாரத்தில் மோட்டார் புகைந்துபோய், எத்தனை மெஷினை அவரே பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்!

மறுபடி உட்கார்ந்தார். "டாக்டர், நான் உங்க காதுல பூ சுத்திட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"மூணு நாளா துடைச்சு வச்சுக் கொண்டாந்திருக்கேன். அந்த நாக்கு என் நாக்கே இல்ல." அதன் பிறகு மடை திறந்துவிட்டது. "காலியா ஓடினா ஒண்ணும் தெரியாது. லோடு போட்டாதான் வரும். நெஞ்சுக்கு நடுவுல அழுத்தம், அங்கேருந்து தாடைக்கு இழுக்கும். ரெண்டு நிமிஷம் நின்னா போயிடும், ஏறினா திரும்ப வரும். ஆரம்பத்துல மூணாவது மாடியில வந்துச்சு. இப்ப முதல் மாடியிலயே வருது. ரெண்டு மாசமா."

டாக்டரின் பேனா பறந்தது. "இவ்வளவு துல்லியமா சொல்லத் தெரிஞ்ச ஆளு, அஞ்சு நிமிஷமா ஏன் என்னை அலைக்கழிச்சீங்க?"

மெக்கானிக் அசடு வழிந்தார். பக்கத்தில் மனைவி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குடைக்கே அத்தனை கேட்பவர் வாயடைத்து உட்கார்ந்திருந்தது அவருக்கு என்னவோ செய்தது.

"ரெண்டு மாசமா?" என்றார் மனைவி கடைசியில்.

"பயமா இருந்துச்சும்மா."

அங்கேயே ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒட்டிய வயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்னைப் பிரிச்சுப் பாக்கணுமா?" என்று கேட்டார் அவர். அதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், இன்றைக்கே பார்த்துவிட வேண்டும், பக்கத்துக் கட்டடம்தான் என்றார் டாக்டர். "அதுவரைக்கும் எதையும் தூக்கக் கூடாது, நடக்கவும் வேண்டாம். நல்ல நேரத்துல சொன்னீங்க."

சக்கர நாற்காலி வந்தது. "எழுபது கிலோவைத் தனியா தூக்கறவன், இதுல உக்காந்து போறதா?" என்று முரண்டு பிடித்தார். மனைவி பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தும் சும்மா இருக்கவில்லை. குனிந்து முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, "பேரிங் போயிருக்கு" என்றார்.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு சரிவு. ஏற்றத்தில் மனைவிக்கு மூச்சு வாங்குவது பின்னாலிருந்து கேட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"ரொம்ப கனமா இருக்கேனா?"

"கனமாத்தான் இருக்கீங்க," என்றார் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்படியே இருந்துட்டுப் போங்க. நான் தள்ளறேன்."